நாலேகால் மணிக்கு இரண்டு இடத்தில்

கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பை வாசித்தபோது கொக்கிக்குப் புரிந்தது இரண்டே சொல்: 'இரண்டு ஆண்டுகள்'. மிச்சம் பதினாறு பக்கமும் ஒரு காதில் ஏறி மறு காதில் இறங்கிவிட்டது. சரக்குக் கொட்டகையில் இருபது வருடமாக மூட்டை தூக்குகிறவன் அவன். நூறு கிலோ என்றால் அவன் முதுகே சொல்லிவிடும். இரண்டு வருடம் எவ்வளவு கனம் என்பது மட்டும், ஜாமீனில் வீட்டுக்கு வந்து மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

வழக்கு இதுதான். ஒரு வியாழக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு, ஒரு கிடங்கின் பின்வாசலில், பதினெட்டுக் கிலோ செம்புக் கம்பிச் சுருளோடு அவனைக் கையும் களவுமாகப் பிடித்ததாகப் போலீஸ் சொன்னது. அதற்கு ஒரு மகஜர் இருந்தது. பொருளைப் பிடித்த இடத்திலேயே உட்கார்ந்து, எதைப் பிடித்தோம், எத்தனை மணிக்குப் பிடித்தோம் என்று எழுதி, சாட்சிகளும் பிடிபட்டவனும் அடியில் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் அது. அந்த அடியில் கொக்கியின் கையெழுத்து இருந்தது. பெயரை எழுதி, அதன் கீழே மூட்டைக் கொக்கி மாதிரி ஒரு வளைவு இழுத்து விடுவான். பட்டப்பெயர் கையெழுத்துவரை போய்ச் சேர்ந்த ஆள். கள்ளக் கையெழுத்து என்று சொல்ல வழியே இல்லை. போட்டவன் அவன்தான்.

எப்போது போட்டான் என்பதுதான் சங்கதி.

கொட்டகைக்கு எதிரே போலீஸ் ஸ்டேஷன். கொட்டகையில் மூட்டைக்காரர்கள் பதினோரு பேர், தள்ளுவண்டி ஏழு. வண்டியைத் தெருவில் விட்டுவிட்டுப் போனால் மறுநாள் சக்கரம் இருக்காது. அதனால் ஸ்டேஷன் மதிலுக்குள் விட்டுக்கொள்ள ரைட்டர் இடம் கொடுத்திருந்தார். ஸ்டேஷனின் எழுத்து வேலை மொத்தமும் ரைட்டர் கையில். இடம் கொடுத்ததற்குப் பதிலாக அவர் கேட்டது ஒன்றுதான்: மகஜருக்குச் சாட்சி வேண்டும்போது ஓர் ஆள் வர வேண்டும். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி, "இந்த வாரம் யார்றா கையெழுத்து?" என்று குரல் கொடுப்பார். முறைக்காரன் போய் நாலைந்து வெள்ளைத் தாளில் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான். மேலே உள்ள இடத்தை ரைட்டர் சாவகாசமாக நிரப்பிக்கொள்வார். பொருள் பிடிபட்ட இடத்தை எந்தச் சாட்சியும் கண்ணால் பார்த்ததில்லை. கோடையில் அடுத்தவன் முறையைக் கேட்டு வாங்கிப் போனவர்கள்கூட உண்டு. ஸ்டேஷனில் மின்விசிறி ஓடும்.

கிடங்கு முதலாளி திருடனைக் காட்டு என்று மேலிடத்தில் நெருக்கியபோது, ரைட்டரிடம் திருடன் கைவசம் இல்லை. கையெழுத்து இருந்தது. சனிக்கிழமை காலையில் வண்டி எடுக்க மதிலுக்குள் போன கொக்கியை அப்படியே உட்கார வைத்துவிட்டார்கள்.

"இந்த வாரம் என் முறை இல்லீங்களே?" என்றான்.

"இது வேற முறைடா," என்றார் ரைட்டர். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் கொக்கிக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்த வியாழக்கிழமை நாலேகாலுக்கு அவன் நிஜமாகவே ஒரு வேலையில் இருந்தான். ஓர் இரும்பு பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் படி ஏறிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டதற்கு, "பீரோ வந்தது ஞாபகம் இருக்கு. தூக்கினவன் மூஞ்சியையா பார்த்துக்கிட்டு இருந்தேன்?" என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. சுமை தூக்குகிறவன் மூஞ்சி படியைப் பார்த்துத்தான் இருக்கும்.

மேல்முறையீட்டுக்கு அமைந்த வக்கீலம்மாவிடம் இந்த பீரோ கதையை மூன்று தடவை சொன்னான். மூன்றாம் தடவை அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இங்க பாருப்பா. கீழ்க்கோர்ட்டுல நீ திருடினியா இல்லையான்னு கேட்டாங்க. கேட்டு முடிச்சாச்சு. மேல நீ நல்லவனா கெட்டவனான்னு யாருக்கும் அக்கறை இல்ல. காகிதம் நல்லதா கெட்டதான்னுதான் பார்ப்பாங்க. உன் காகிதத்துல ஓட்டை இருக்கணும். அதைத்தான் தேடிட்டிருக்கேன்."

"ஓட்டை இல்லேன்னா?"

"ரெண்டு வருஷம்."

முத்திரை சரியாக இருந்தது. எடை சரியாக இருந்தது. இரண்டு சாட்சிகளும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருந்தார்கள். ஒருவன் கொக்கியின் கூட்டத்து ஆள்தான். கோர்ட்டில் கொக்கியின் முகத்தைப் பார்க்காமலே, "ஆமாங்க, என் கண்ணு முன்னாடிதான் பிடிச்சாங்க," என்றான். வெளியே வந்து, "அண்ணே, என் முறைண்ணே. நான் என்ன பண்ணட்டும்," என்று தலையைச் சொறிந்தான். கொக்கிக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. கொக்கியும் ஒரு தடவை இன்னொரு கோர்ட்டில் இதையே சொல்லியிருந்தான்.

ஓட்டையைக் கண்டுபிடித்தது வக்கீலம்மாவின் குமாஸ்தா. கோர்ட்டில் நகல் வாங்குகிற ஜன்னலில் வரிசையில் நின்றிருக்கிறார். அவருக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு ஒரு கட்டு நகல் கிடைத்தது. அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டும்போது, ஒன்றின் அடியில் அந்த வளைவு. "இந்தக் கொக்கியை நான் பார்த்திருக்கேனே," என்று எட்டிப் பார்த்தவர், தேதியையும் நேரத்தையும் படித்துவிட்டு வரிசையை விட்டு ஓடி வந்தார்.

அது பாலத்தடி வழக்கு. ஊருக்கு வெளியே ஒரு பாலத்தின் அடியில், ஒரு வேனில் திருட்டு மோட்டார்கள் பன்னிரண்டைப் பிடித்ததாக மகஜர். வேன்காரன் மூன்று வருடத் தண்டனை பெற்று, எட்டு மாதமாக உள்ளே இருக்கிறான். சாட்சி: கொக்கி. அதே வியாழக்கிழமை. நாலு மணியிலிருந்து நாலே முக்கால்வரை. கொக்கி முன்பு தன் முறை வாரத்தில் போட்ட வெள்ளைத் தாள்களை ரைட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து நிரப்பியதில், ஒரே ஆளை ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் திருடனாகவும் இன்னோர் இடத்தில் சாட்சியாகவும் எழுதிவிட்டிருந்தார்.

வக்கீலம்மாவுக்கு அன்றைக்குத்தான் கொக்கியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. "அந்தக் கோர்ட்டுல கூண்டுல ஏறிச் சொல்லியிருக்கியே! உன் வழக்குத் தேதியும் அதுவும் ஒண்ணுன்னு உனக்குத் தெரியலையா?"

"தேதி எங்கம்மா ஞாபகம் இருக்கும்? அவங்க ஒரு தேதியைப் படிச்சாங்க, ஆமான்னேன். நல்லபடியா சொல்லிட்டு வா, உன் கேஸை லேசா முடிச்சிடலாம்னு ரைட்டர் சொன்னாரு."

"லேசா முடிச்சாரா?"

"ரெண்டு வருஷம்மா."

"சரி விடு. நீ பாலத்தடியில இருந்திருக்க. கிடங்குல எப்படிப் பிடிபட முடியும்? முடிஞ்சது கதை."

"நான் அங்கயும் இல்லம்மா. பீரோ..."

"நீ எங்க இருந்தேன்னு நான் கேட்கலை," என்றார் வக்கீலம்மா. "காகிதம் நீ எங்க இருந்தேன்னு சொல்லுது? பாலத்தடியில. நீ வாயைத் திறக்காதே. அது பேசும்."

இரண்டு நாள் கழித்து, நகல் ஜன்னலில் நின்ற அந்தப் பெண் கொக்கியின் வீட்டு வாசலுக்கு வந்தாள். வேன்காரனின் மனைவி. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. சீருடையோடே வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"குமாஸ்தா ஓடினாரே, ஏன் ஓடுறாருன்னு நானும் விசாரிச்சேன்ணே," என்றாள். "எம் புருஷனை மோட்டாரோட பார்த்தீங்களா?"

கொக்கி சுவரைப் பார்த்தான். "இல்லம்மா."

"அவரையாவது பார்த்தீங்களா?"

"கோர்ட்டுல பார்த்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"இல்ல."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழுதிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "வேன் அன்னைக்கு பட்டறையில கிடந்துச்சு. கிளட்ச் போயி ஒரு வாரமா ஓடலை. பட்டறைக்காரன் பயந்துக்கிட்டு வரமாட்டேங்கிறான். எங்க கேஸுல வெளி ஆள் சாட்சி நீங்க ஒருத்தர்தான். 'நான் அங்க இல்ல'ன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்னு வக்கீல் சொல்றாரு."

"பத்து நாள்ல என் கேஸு வருது, தங்கச்சி."

"தெரியும். நீங்க அங்க இருந்தாத்தான் நீங்க வெளிய. நீங்க அங்க இல்லாட்டித்தான் அவரு வெளிய." அவள் வாசல்படி இறங்கினாள். "யோசிங்கண்ணே. நீங்க ஜாமீன்ல, வீட்ல உட்கார்ந்து யோசிக்கலாம்."

அவள் போனதும் கொக்கியின் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "நீ எதையும் எழுதிக் குடுத்துத் தொலைக்காத. எழுதிக் குடுத்துத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்க. முதல்ல வெளிய வா. அப்புறம் எவ்வளவு வேணுமோ அவ்வளவு நல்லவனா இரு, நான் கேட்க மாட்டேன்."

நியாயமாகத்தான் பட்டது. பத்து நாளும் வாயை மூடிக்கொண்டு மூட்டை தூக்கினான்.

மேல்கோர்ட்டு அறை சின்னது. மேலே ஒரு விசிறி, கீழே நான்கு பெஞ்சு. கடைசிப் பெஞ்சில் வேன்காரனின் மனைவி வந்து உட்கார்ந்திருந்தாள். வக்கீலம்மா இரண்டு மகஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீட்டினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"இந்த ரெண்டு இடத்துக்கும் தூரம் எவ்வளவு?" என்று அரசு வக்கீலைக் கேட்டார்.

"ஒன்பது கிலோமீட்டர், ஐயா."

"ரெண்டையும் எழுதினது ஒரே அதிகாரி."

"ஆமாங்கய்யா."

"ரெண்டுல எது உண்மைன்னு அரசு சொல்லுது?"

அரசு வக்கீல் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும்தான், ஐயா."

"அப்ப இவர் பறந்து போனாரா?"

முன்பெஞ்சில் சிரிப்பு. அரசு வக்கீலும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்துவிட்டு, மேலிடத்தைக் கேட்டுச் சொல்ல மதியம்வரை நேரம் கேட்டார். இடைவேளையில் நடைக்கூடத்து ஜன்னலோரம் நின்று வெகுநேரம் போனில் பேசினார். அவருக்கு வந்த உத்தரவு என்ன என்பதை வக்கீலம்மா முன்கூட்டியே கணித்திருந்தார்: "பன்னிரண்டு மோட்டார் பெரிய கேஸு. பேப்பர்ல எல்லாம் வந்தது. உன் கம்பிச் சுருளுக்காக அதை விடமாட்டாங்க. உன்னைத்தான் விடுவாங்க."

அப்படியே நடந்தது. மதியம் அரசு வக்கீல் எழுந்து, கிடங்கு மகஜரில் நேரம் குறித்ததில் கைப்பிழை இருக்கக்கூடும், பாலத்தடி மகஜரில் அப்படி எதுவும் இல்லை என்றார். நீதிபதி உடனே தீர்ப்பைச் சொல்லச் சொல்ல, தட்டச்சு செய்கிறவர் தட்டினார்.

"மேல்முறையீட்டாளர் அந்த நேரத்தில் பாலத்தின் அடியில், சட்டத்துக்கு உதவியாக நின்றிருந்தார். அவருடைய சாட்சியம் இயல்பானது, நம்பத்தகுந்தது என இன்னொரு நீதிமன்றம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுள்ளது. உண்மை பேசக்கூடிய ஒருவரை..."

கொக்கி திரும்பிப் பார்த்தான். கடைசிப் பெஞ்சில் அவள் குனிந்து, மடியில் இருந்த நகல் கட்டின் நாடாவைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏன் எழுந்தோம் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. எழுந்துவிட்டான்.

"ஐயா, நான் அங்க இல்லீங்க."

தட்டச்சு நின்றது. நீதிபதி வக்கீலம்மாவைப் பார்த்தார். "உங்க கட்சிக்காரர் என்ன சொல்றார்?"

"நன்றி சொல்றாருங்கய்யா," என்றார் வக்கீலம்மா, கண் இமைக்காமல்.

"இல்லீங்கய்யா. பாலத்தடிக்கு நான் போகவே இல்ல."

நீதிபதியின் காதில் இது விழுந்தது. முகத்தில் ஒரு சலிப்பு தெரிந்தது. "மேல்முறையீட்டில் புதுசா வாய்மொழிச் சாட்சியம் எடுக்கிறதில்லை," என்று பொறுமையாகச் சொன்னார். "உங்களுக்குச் சாதகமாத்தான் எழுதிக்கிட்டிருக்கேன். உட்காருங்க."

வக்கீலம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தான். உண்மை பேசக்கூடிய ஒருவன் என்று கோர்ட்டு எழுதி முடித்தது. வாழ்நாளில் அவன் கோர்ட்டில் பேசிய ஒரே உண்மைக்கு முறைப்படி இடமில்லாமல் போயிற்று.

படிக்கட்டில் வக்கீலம்மா அவனைக் கிழிகிழி என்று கிழித்தார். அவர் போகும்வரை ஒதுங்கி நின்ற வேன்காரனின் மனைவி பக்கத்தில் வந்தாள்.

"நீங்க எழுந்து சொன்னீங்க. கேட்டேன்ணே."

"கேட்டது நீ ஒருத்திதான்."

"இனிமே எங்க கேஸு இன்னும் கெட்டுப்போச்சாம். கீழ்க்கோர்ட்டு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, நீங்க அங்க இருந்தீங்கன்னு. இப்ப மேல்கோர்ட்டே சொல்லிடுச்சு." குரலில் குத்தல் இல்லை. தரையைத் துடைக்கிறவள் கறை எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். "போயிட்டு வரேன்."

மறுநாள் கொட்டகையில் ஏக வரவேற்பு. மேஸ்திரி தோளில் கைபோட்டார். எதிர்ப்பக்கம் மதிலுக்கு மேல் ரைட்டரின் தலை தெரிந்தது.

"என்னடா, கோர்ட்டே சர்டிபிகேட் குடுத்திருக்கு! இனி உன் கையெழுத்துக்குத் தனி மவுசு. அடுத்த வாரம் உன் முறைதானே?"

மற்றப் பத்துப் பேரும் சிரித்தார்கள். கொக்கியும் சிரித்தான். சிரித்து முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். மேஸ்திரி தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வெள்ளைத் தாள்ல போட்டேன்னு நீ எழுதிக் குடுத்தா, நாங்க மட்டும் எதுல போட்டோம்னு கேட்பாங்க. பத்து வருஷக் கையெழுத்துடா. எவ்வளவு பேரு உள்ள இருக்கான்னு யாருக்குத் தெரியும்? வண்டி ஏழும் தெருவுக்கு வந்துடும்."

"ஆமா, வந்துடும்."

"ஆமாங்கிறியே!"

"எவ்வளவு பேரு உள்ள இருக்கான்னு நீங்கதானே மேஸ்திரி இப்ப கேட்டீங்க?"

மேஸ்திரி ஆத்திரத்தில், இனி என் கூட்டத்தில் உனக்கு மூட்டை இல்லை என்றார்.

கொக்கி வேன்காரனின் வக்கீலிடம் போய் எழுதிக் கொடுத்தான். இந்தத் தடவை தாளில் முதலில் எழுத்து வந்தது, அப்புறம்தான் கையெழுத்து. எழுதியதை அவனே எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தான். மனுவைக் கோர்ட்டு அலுவலகத்தில் கொடுக்கப் போனால், ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் குறை மேல் குறையாகச் சொன்னார். ஓரத்தில் இடம் விடவில்லை. முகவரி முழுசாக இல்லை. மூன்று பிரதி வேண்டும். எல்லாவற்றையும் சரிசெய்து நாலாம் நாள் போனபோது அவர் மனுவை முழுதாகப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"யோவ், நீ விடுதலை ஆன ஆளுதானே?"

"ஆமாங்க."

"விடுதலை ஆனவன் இங்க எதுக்கய்யா வர்ற? உள்ள இருக்கிறவன்தான் மனு போடுவான்."

"இது போட்டா நானும் உள்ள போயிடுவேன்னு சொல்றாங்க. அப்ப செல்லும்தானே?"

அவர் முத்திரை குத்தி எண் போட்டுக் கொடுத்தார்.

வேன்காரனின் மேல்முறையீடு அடுத்த மாதத்துக்குப் போடப்பட்டது. அதற்கு முன்பே, கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்காக உன் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கொக்கிக்கு நோட்டீஸ் வந்தது. அதையும் மனுவின் நகலையும் எடுத்துக்கொண்டு மனைவியோடு வக்கீலம்மாவிடம் போனான். அவர் இரண்டையும் படித்துவிட்டு மேசைமேல் போட்டார்.

"செய்யாததுக்கு ரெண்டு வருஷம். கஷ்டப்பட்டு வெளிய கொண்டு வந்தேன். இப்ப செஞ்சதுக்கு நீயா போய் வரிசையில நிக்கிற. இதுக்கு எவ்வளவு கிடைக்கும் தெரியுமா?"

"எவ்வளவும்மா?"

"அதைவிடக் குறையாது. வேன்காரன் வெளிய வர்றது நிச்சயமும் இல்ல. உன்னை நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஒரு தடவை பொய் சொன்னவன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க."

கொக்கியின் மனைவி மேசைமேல் கிடந்த மனுவைக் காட்டினாள். "இதுல ஓட்டை ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டாள்.

வக்கீலம்மா மனுவின் நகலை மறுபடி எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசிவரை நிதானமாகப் பார்த்தார். தேதி இருந்தது. இடம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அந்த வளைவு இருந்தது. "சுத்தமா இருக்கு," என்றார். "என் வாழ்க்கையில இவ்வளவு சுத்தமான காகிதம் பார்த்ததில்ல. எங்கயும் கை வைக்க முடியாது."

தெருவுக்கு வந்ததும் அவள் அவனைத் திட்டினாள். பஸ் நிறுத்தம்வரை விடாமல் திட்டினாள். வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கூடவே நடந்தான். பஸ்சுக்காக நிற்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எப்ப கூப்பிடுவாங்க?"

"ரெண்டு மாசம் ஆகும்னாங்க. மூணும் ஆகலாம்."

அவள் விரல்விட்டு எதையோ கூட்டிப் பார்த்தாள். "மார்க்கெட்டுல அந்த வெங்காய மண்டிக்காரரு ஆள் கேட்டுக்கிட்டிருந்தாரு. நாளைக்குக் காலையில போய் நில்லு. மூணு மாசம் மூணு மாசம்தான்," என்றாள். பஸ் வந்தது. முதலில் அவள் ஏறினாள்.